டப்பாவுக்குள் வளரும் நோய்

வெளிநாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்கும் ஆசை நம் நகரங்களுக்கும் வந்துவிட்டது. அந்தப் பாம்புகள் ஏன் இரையைக் கக்குகின்றன? ஏன் வாய் அழுகிச் சாகின்றன? அவற்றின் கிருமி தொட்டில் வரை எப்படிப் போகிறது?

அறைக் கதவைத் திறந்ததுமே மூக்கு சொல்லிவிடும். செத்த எலியின் வாடையும் புளித்த வாடையும் கலந்து அறை முழுக்க நிற்கும். பிளாஸ்டிக் டப்பாவின் ஒரு மூலையில் எலி கிடக்கும். தலைப்பக்கம் கரைந்திருக்கும். பின்பாதி அப்படியே இருக்கும், முடி ஈரத்தில் ஒட்டியபடி. எதிர்மூலையில் பாம்பு, வழக்கமாகச் சுருண்டிருப்பது போல இல்லாமல் உடலைத் தளர விட்டுக் கிடக்கும். அந்த எலியை அது விழுங்கி மூன்று நாளோ நான்கு நாளோ ஆகியிருக்கும். சுவரில் ஏ.சி. 22 டிகிரி காட்டிக்கொண்டிருக்கும்.

மலைப்பாம்பு வளர்ப்பவர்களிடம் நோய் எப்படித் தொடங்கியது என்று கேட்டால், பெரும்பாலும் இப்படியொரு காலையைத்தான் சொல்வார்கள். அடுத்து நடப்பதிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. டப்பாவைக் கழுவுவார்கள். ‘பாவம், பசியோடு இருக்குமே’ என்று மறுநாளே இன்னொரு எலியைப் போடுவார்கள். பாம்பு அதையும் விழுங்கும், அதையும் கக்கும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்ட பாம்பு வாரத்துக்கு வாரம் மெலியும். முதுகெலும்பு மேலே துருத்தத் தொடங்கும்போதுதான், ‘இதற்கு மருத்துவர் யாராவது இருக்கிறார்களா?’ என்ற தேடல் ஆரம்பமாகும்.

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் கதை இல்லை. 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்து, யாரும் உரிமை கோராமல் கிடந்த பைகளில் 45 பந்து மலைப்பாம்புகளும் 8 கார்ன் ஸ்நேக்குகளும் இருந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகள். ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும். பிடிபட்ட கணக்கு மட்டும்தான் இது. வாங்க ஆள் இல்லாமல் இவ்வளவு பாம்புகள் விமானம் ஏறி வருவதில்லை.

வெளியிலிருந்து அமிலம், உள்ளிருந்து அழுகல்

பாம்பு ஏன் கக்குகிறது என்று புரிய வேண்டுமானால், அது எப்படிச் செரிக்கிறது என்று தெரிய வேண்டும். நாம் மூன்று வேளை சாப்பிடுகிறோம். நம் இரைப்பையில் எப்போதும் கொஞ்சம் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். மலைப்பாம்பு அப்படி இல்லை. இரை இல்லாத நாட்களில் இரைப்பையை ஏறக்குறைய மூடியே வைத்துவிடும். அமிலம் சுரப்பது நின்றுவிடும், குடல் சுருங்கிவிடும். எலி உள்ளே போனதும் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். கலிபோர்னியாவில் ஜாரெட் டயமண்டும் ஸ்டீபன் சீகாரும் 1990களில் பர்மிய மலைப்பாம்புகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இதை விரிவாகக் காட்டின. பெரிய இரையை விழுங்கிய பாம்பின் குடல் ஓரிரு நாளில் இரு மடங்கு எடை கூடுகிறது. உடலின் ஆற்றல் செலவு ஓய்வுநிலையைப் போலப் பல பத்து மடங்கு ஏறுகிறது. 2005இல் ‘நேச்சர்’ இதழில் வந்த இன்னோர் ஆய்வு, 48 மணி நேரத்துக்குள் இதயத்தின் கீழறைத் தசையே 40 சதவீதம் பருக்கிறது என்றது.

இவ்வளவு வேலையும் நடக்க வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் பாம்பால் தன் உடலுக்குள் உண்டாக்கிக்கொள்ள முடியாது. வெளியிலிருந்துதான் வாங்கியாக வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்புக்கு டப்பாவின் ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை சூடும், மறுமுனையில் 25 முதல் 27 டிகிரி வரை மிதமான சூடும் தேவை. இரை உண்ட பாம்பு சூடான முனைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். போதும் என்று தோன்றினால் இந்தப் பக்கம் நகர்ந்துவிடும்.

இப்போது அந்த எலியின் பக்கம் வருவோம். முழுசாக விழுங்கப்பட்ட எலிக்குள் அதன் குடல் இருக்கிறது. குடலுக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. எலி செத்த கணத்திலிருந்து அவை உள்ளிருந்து அழுக வைக்கத் தொடங்கும். பாம்பின் அமிலம் வெளியிலிருந்து கரைத்துக்கொண்டு வரும். அழுகல் முந்துவதற்குள் அமிலம் உள்ளே போய்ச் சேர வேண்டும். 32 டிகிரியில் அமிலம் ஜெயிக்கும். 22 டிகிரி அறையில் அமிலம் தயங்கித் தயங்கிச் சுரக்கும். பாக்டீரியாவுக்கோ அந்தச் சூடே போதும். வாயு சேர்ந்து எலி உப்பும். இனி இதை வைத்திருந்தால் ஆபத்து என்று உடல் முடிவு செய்து வெளியே தள்ளும். அழுகிய இரையைக் கக்குவது பாம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி.

ஆனால் அதற்கு அது கொடுக்கும் விலை பெரியது. அமிலம் உணவுக்குழாயையும் தொண்டையையும் சுட்டிருக்கும். உடம்பின் நீர் போயிருக்கும். குடலில் குடியிருந்த நல்ல பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்திருக்கும். அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள், கக்கிய பாம்புக்குப் பத்து முதல் பதினான்கு நாள் வரை தண்ணீரைத் தவிர எதுவும் கொடுக்காதீர்கள் என்கிறார்கள். பிறகு கொடுக்கும் இரையும் வழக்கத்தில் பாதி அளவே இருக்க வேண்டும். பசிக்குமே என்று நாம் தவிப்பது நம் வயிற்றை வைத்து. நல்ல நிலையில் இருக்கும் வளர்ந்த மலைப்பாம்பு வாரக்கணக்கில் பட்டினி தாங்கும். அடுத்த நாள் எலியைத் தாங்காது.

■ பெட்டிச் செய்தி: பாம்பைக் கக்க வைக்கும் காரணங்கள்

இரை உண்ட 48 மணி நேரத்துக்குள் பாம்பைக் கையில் எடுப்பது. நண்பர்களுக்குக் காட்டவும் புகைப்படத்துக்காகவும் எடுப்பதே அதிகம்.

பாம்பின் உடல் பருமனுக்கு மிஞ்சிய எலி.

உறைநிலையிலிருந்து எடுத்த எலி நடுப்பகுதியில் இன்னும் பனிக்கட்டியாக இருப்பது; அல்லது அடுப்படி மேடையில் பகல் முழுக்க வைத்து உருக விட்டதில் பாதி கெட்டுப்போயிருப்பது.

ஒளிந்துகொள்ள மறைவிடம் இல்லாத டப்பா. அஞ்சிக்கொண்டே இருக்கும் பாம்புக்குச் செரிக்காது.

இவை எதுவும் இல்லாமல், சூடும் சரியாக இருந்தும் பாம்பு கக்குகிறது என்றால், அது நோய்.

கிருமி முன்பே அங்கேதான் இருந்தது

நோய் என்றதும் எங்கிருந்தோ ஒரு கிருமி வந்து தொற்றியதாக நினைப்போம். வளர்ப்புப் பாம்பின் பாக்டீரியா நோய்களில் பெரும்பாலானவை அப்படி வருவதில்லை. சூடோமோனாஸ், ஏரோமோனாஸ், புரோட்டியஸ், கிளெப்சியெல்லா, சால்மோனெல்லா ஆகியவை நலமாக இருக்கும் பாம்பின் வாயிலும் குடலிலும் இருக்கக்கூடியவை. பாம்பின் எதிர்ப்புச் சக்தியும் வெப்பத்தையே நம்பியிருக்கிறது. சூடு குறைந்தால், தண்ணீர் குறைந்தால், உண்ணிகள் ரத்தம் உறிஞ்சினால் காவல் தளரும். அதுவரை அடங்கியிருந்த கிருமிகள் பெருகும்.

முதலில் வாயில் தெரியும். ஈறு ஓரத்தில் சிறு சிவப்புப் புள்ளிகள், கட்டியான எச்சில், பிறகு மஞ்சள் படலம். பாம்பின் சீழ் நம்முடையதைப் போல வழிந்து ஓடாது. உலர்ந்த பன்னீர்த் துருவல் போல் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதனால் மருந்து தடவினால் மட்டும் போகாது, மருத்துவர் சுரண்டி எடுத்தாக வேண்டும். வளர்ப்பவர்கள் இதை ‘வாய் அழுகல்’ என்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் தாடை எலும்பு வரை போகும். வாயின் சளியும் சீழும் உள்ளே இறங்கினால் நுரையீரல் அழற்சி. பாம்புக்கு உதரவிதானம் கிடையாது, இருமிச் சளியைத் துப்ப வழியில்லை. மூச்சுக்குத் திணறி வாயைத் திறந்து தலையைத் தூக்கி வைத்திருக்கும். அதைப் பார்த்து, ‘சிரிக்கிறது, கொட்டாவி விடுகிறது’ என்று படம் எடுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம்.

கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் வயிற்றுச் செதில்கள் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிலையில் மணிக்கணக்கு முக்கியம்.

டப்பா வளர்ப்பில் காயத்துக்கும் பஞ்சமில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் பாம்பின் அடிவயிற்றைச் சுட்டுவிடும். மெதுவாக ஏறும் சூட்டைப் பாம்பு உடனே உணர்ந்து விலகுவதில்லை. சுட்ட தோலில் முதலில் குடியேறுவது சூடோமோனாஸ்தான். உயிருள்ள எலியை இரவு டப்பாவில் போட்டுவிட்டுத் தூங்கப் போனால், பசிக்காத பாம்பின் முதுகை எலி கொறித்திருக்கும். காலையில் எலும்பு தெரியும் பாம்புகளைக் கால்நடை மருத்துவ நூல்கள் படத்தோடு காட்டுகின்றன. ஈரம் சொதசொதவென்று இருக்கும் தரையில் படுத்த பாம்புக்குச் செதில் அழுகும். ஏ.சி. காற்றில் காய்ந்த பாம்புக்குச் சட்டை முழுதாக உரியாமல் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். அதன் அடியில் கிருமி சேரும்.

மருந்தால் தீராத சில நோய்கள்

திரும்பத் திரும்பக் கக்கும் பாம்பின் உடலில், நடுப்பகுதிக்குச் சற்று முன்னே தடிமனாக ஒரு வீக்கம் தெரிகிறதா? கார்ன் ஸ்நேக் வளர்ப்பவர்கள் மிகவும் அஞ்ச வேண்டிய அடையாளம் அது. கிரிப்டோஸ்போரிடியம் செர்பென்டிஸ் என்னும் ஒட்டுண்ணி பாக்டீரியா இல்லை, ஒருசெல் உயிர். அது இரைப்பைச் சுவரைத் தடிக்கச் செய்து, இரை போக வழியில்லாமல் ஆக்கிவிடும். பாம்பு சில மாதங்களோ ஓரிரண்டு ஆண்டுகளோ இப்படியே இழுத்துக்கொண்டு கிடக்கும். கிருமியை முழுதாக ஒழிக்கும் நம்பகமான மருந்து இன்றுவரை இல்லை. இருப்பவை எச்சத்தில் வெளியேறும் எண்ணிக்கையைக் குறைக்கும், அவ்வளவே. வீட்டில் நாம் நம்பும் பிளீச்சிங் பவுடருக்கு இந்த ஒட்டுண்ணி மசியாது. ஒரு பாம்புக்கு வந்தால் அதே வீட்டின் மற்றப் பாம்புகளின் டப்பாக்களையும் இடுக்கிகளையும் தண்ணீர்க் கிண்ணங்களையும் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்று அமீபா. என்டமீபா இன்வேடன்ஸ் என்ற இந்த உயிரி ஆமைகளின் குடலில் பெரும்பாலும் தொல்லையில்லாமல் வாழ்கிறது. பாம்பின் குடலுக்குள் போனால் பெருங்குடலையும் கல்லீரலையும் சிதைத்துவிடும். ரத்தமும் சளியுமாக எச்சம் போகும், சில நாளில் உயிரும் போகும். செங்காது ஆமைத் தொட்டியின் தண்ணீரைத் தொட்ட கையோடு பாம்பின் கிண்ணத்தையும் நிரப்பும் கடைகளில் இந்த நோய்க்கு வழி திறந்தே இருக்கிறது. இதற்கு மருந்து உண்டு. ஆனால் எச்சத்தைச் சூடு ஆறுமுன் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

போவா வகைப் பாம்பு கக்கத் தொடங்கி, பிறகு தலையை அண்ணாந்து வானத்தைப் பார்ப்பது போல் வைத்துக்கொண்டால் வைரஸை நினைக்க வேண்டும். பல பத்தாண்டுகள் காரணம் தெரியாமல் இருந்த இந்த நோயின் பின்னே இருக்கும் அரீனா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ்களை, 2012இல் சான்பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இந்த நோய்க்குச் சிகிச்சை இல்லை. புதிதாக வந்த பாம்பைக் குறைந்தது மூன்று மாதம் வேறு அறையில் தனியே வைக்கச் சொல்வது இந்த மூன்றுக்காகவும்தான்.

குழந்தைக்கு வந்த காய்ச்சல்

பாம்புக்கு வரும் நோய் பாம்போடு நின்றால், இது பாம்பு வளர்ப்பவர்களின் கவலையாக மட்டும் இருந்துவிடும். சால்மோனெல்லா அப்படி நிற்பதில்லை.

பாம்பு, பல்லி, ஆமை எதுவானாலும் அதன் குடலில் சால்மோனெல்லா இருக்கக்கூடும். பாம்புக்கு எந்த அறிகுறியும் இருக்காது. பளபளவென்று, நன்றாகத் தின்று, சுறுசுறுப்பாக இருக்கும் பாம்பே கிருமியைத் தினமும் வெளியே விட்டுக்கொண்டிருக்கலாம். ஒரு நாள் எச்சத்தைச் சோதித்து இல்லை என்று வந்தால், நாளையும் இருக்காது என்று பொருளில்லை. எச்சம் பட்ட செதில், செதில் பட்ட கை, கை பட்ட குழாய்த் திருகு, கதவுப்பிடி, செல்போன் என்று கிருமி போய்க்கொண்டே இருக்கும்.

1996இல் அமெரிக்காவின் டென்வர் விலங்குக் காட்சிசாலையில் கொமோடோ டிராகன் காட்சிக்கு வந்த 65 பேருக்கு, பெரும்பாலும் குழந்தைகளுக்கு, சால்மோனெல்லா தொற்றியது. அவர்கள் அந்தப் பல்லியைத் தொடவில்லை. அதைச் சுற்றியிருந்த மரத் தடுப்பைத்தான் தொட்டார்கள். காட்சியைப் பார்த்த பின் கை கழுவியவர்கள் தப்பித்தார்கள் என்பதும் அந்த விசாரணையில் தெரிந்தது.

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் 2010 முதல் 2013 வரை சால்மோனெல்லா தொற்றிய ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தார்கள். நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களின் வீட்டில் ஊர்வன வளர்ப்பு இருந்தது. கணக்காகச் சொன்னால் 27 சதவீதம். அந்தக் குழந்தைகளின் நடு வயது ஆறு மாதம். ஆறு மாதக் குழந்தை பாம்பைப் போய்த் தூக்குவதில்லை. பாம்பைத் தூக்கிய அண்ணன், தம்பிப் பாப்பாவின் பால்புட்டியையும் எடுத்துக் கொடுத்திருப்பான்.

பெரியவர்களுக்கு இது காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு என்று ஒரு வாரத்தில் போய்விடும். கைக்குழந்தைக்கு அப்படி இல்லை. கிருமி குடலைத் தாண்டி ரத்தத்துக்கும், சில குழந்தைகளுக்கு மூளை உறைக்கும் எலும்புக்கும் போகிறது. முதியவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் அதே ஆபத்து. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் ஊர்வனவே வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகிறது. கூட்டுக் குடும்பமும் அடுத்த வீட்டுக் குழந்தைகள் ஓடி வரும் திண்ணையும் உள்ள நம் ஊரில் அந்த அறிவுரையை இன்னும் கண்டிப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

பாம்பு மட்டும் காரணமில்லை. பாம்புக்குப் போடும் எலியும் சேர்த்தி. உறைய வைத்த எலியில் கிருமி செத்திருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். சால்மோனெல்லா உறைநிலையில் சாவதில்லை, காத்திருக்கும். பிரிட்டனில் 2015 முதல் 850க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்த சால்மோனெல்லா, பாம்புகளுக்கு இரையாக விற்கப்பட்ட உறைந்த எலிகளோடு தொடர்புடையது என்று கண்டறிந்தார்கள். 2022 பிப்ரவரியில் லித்துவேனியாவிலிருந்து அந்த எலிகள் வருவதையே பிரிட்டன் நிறுத்திவைத்தது. நம் வீடுகளில் எலிப் பொட்டலம் இருக்கும் ஃப்ரீஸரும் இட்லி மாவு இருக்கும் ஃப்ரிட்ஜும் ஒரே பெட்டிதான். எலியை வெந்நீரில் உருக்கும் பாத்திரம் சமையல் பாத்திரமாகவும், டப்பாவைக் கழுவும் இடம் சமையலறைத் தொட்டியாகவும் இருக்கும் வரை, பாம்பை யாரும் தொடாமலேயே வீட்டில் எல்லோருக்கும் நோய் வரலாம்.

■ பெட்டிச் செய்தி: பாம்பிலிருந்து மனிதருக்கு

அமெரிக்காவில் ஊர்வன, நீர்நில வாழ்வன ஆகியவற்றின் தொடர்பால் ஆண்டுக்குச் சுமார் 74,000 பேருக்குச் சால்மோனெல்லா வருவதாக 2004இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 21 வயதுக்குட்பட்டவர்களிடம் தனித்தனியே காணப்பட்ட தொற்றுகளில் 11 சதவீதம் இந்த வகை.

போவா வளர்த்த ஒருவர், தனக்குக் கிருமி இருப்பது தெரியாமல் ரத்தத் தட்டணு தானம் செய்தார். அதைப் பெற்ற நோயாளியின் ரத்தத்தில் சால்மோனெல்லா பரவியது. ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் 2002இல் பதிவான சம்பவம் இது.

மெக்சிகோவிலும் அமெரிக்காவின் தென்மேற்கிலும் நாட்டு மருந்தாக விற்கப்படும் உலர்ந்த கிலுகிலுப்பைப் பாம்பின், அதாவது ராட்டில்ஸ்நேக்கின் பொடி மாத்திரைகளாலும் சால்மோனெல்லா தொற்றியிருக்கிறது.

சூடே முதல் மருந்து

1975இல் ‘சயின்ஸ்’ இதழில் மேத்யூ குளூகர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, ஊர்வன மருத்துவத்தின் போக்கையே தெளிவாக்கியது. பாலைவன இக்வானாப் பல்லிகளுக்கு ஏரோமோனாஸ் கிருமியைச் செலுத்தி, வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தார்கள். வெதுவெதுப்பான அறைகளில் இருந்தவை பெரும்பாலும் பிழைத்தன. குளிர்ந்த அறைகளில் இருந்தவை பெரும்பாலும் செத்தன. வாய்ப்பு கொடுத்தால் நோயுற்ற பல்லி தானே சூடான இடத்தைத் தேடிப்போகும். நமக்கு உடல் தானாகக் காய்ச்சலை உண்டாக்குகிறது. ஊர்வன நடந்துபோய்க் காய்ச்சலை வாங்கிக்கொள்கின்றன.

ஒரே வெப்பநிலையில் உள்ள டப்பாவில் அதற்குப் போக இடமில்லை. அனுபவமுள்ள மருத்துவர் ஊசியை எடுக்கும் முன் முதலில் கேட்பது இதைத்தான்: சூடான முனையில் எத்தனை டிகிரி, அளந்து பார்த்தீர்களா? கையால் தொட்டுப் பார்த்தது அளவு ஆகாது. நம் ஊர் வெயிலுக்குச் சூடே தேவையில்லை என்று சிலர் சொல்வதும் தவறு. மே மாதப் பகலில் மூடிய டப்பாவுக்குள் 40 டிகிரியைத் தாண்டி பாம்பு வெந்துவிடலாம். அதே வீட்டில் இரவு ஏ.சி. ஓடினால் 22க்கு இறங்கும். சூட்டுக் கருவியும் அதை அணைக்கும் தெர்மோஸ்டாட்டும் இல்லாமல் இந்தப் பாம்புகளை நம்மால் வைத்திருக்க முடியாது.

மாத்திரைப் பட்டையோடு ஓர் ஆபத்து

மருத்துவர் கிடைக்காத இடத்தில் மருந்துக்கடை மருத்துவராகிவிடுகிறது. பாம்பு கக்கினால் மெட்ரோனிடசோல் மாத்திரையை நுணுக்கி எலிக்குள் வைப்பது, வாய் புண்ணானால் கோழிப் பண்ணைக்கு வாங்கும் என்ரோஃபிளாக்சசினைக் கொடுப்பது என்றெல்லாம் வளர்ப்பவர்களுக்குள் கைமாறும் யோசனைகள் பல. மெட்ரோனிடசோல் அளவு மிஞ்சினால் பாம்பின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். சில இனங்களைக் கொன்றும் இருக்கிறது. என்ரோஃபிளாக்சசின் ஊசி போட்ட இடத்தில் தசை அழுகக்கூடும். ஜென்டாமைசின், அமிகாசின் போன்றவை நீர்ச்சத்து குறைந்த பாம்பின் சிறுநீரகத்தைக் கெடுத்து, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் படிய வைக்கும்.

பாம்பின் உடல் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். செஃப்டாசிடைம் ஊசியைப் பாம்புக்கு 72 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் போடுகிறார்கள். மனிதருக்கு அதே மருந்து ஒரு நாளில் இரண்டு மூன்று முறை. எந்த இடத்தில் ஊசி போடுவது என்பதும் முக்கியம். பின்னுடலின் ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போக வாய்ப்பு இருப்பதால், உடலின் முன் மூன்றில் ஒரு பகுதியில் போடுவதே வழக்கம். வாயிலிருந்தோ கட்டியிலிருந்தோ எடுத்ததை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்துக்கு மசிகிறது என்று பார்த்த பிறகே ஆன்டிபயாடிக் எழுதுவது சரியான முறை.

நலமாக இருக்கும் பாம்பின் குடலிலிருந்து சால்மோனெல்லாவை ஒழிக்க மருந்து கொடுப்பதை மருத்துவர்கள் அறவே வேண்டாம் என்கிறார்கள். கிருமி போகாது, மருந்துக்கு மசியாத கிருமி மிஞ்சும். அமெரிக்காவின் லூசியானா ஆமைப் பண்ணைகளில் ஏற்றுமதி முட்டைகளை ஜென்டாமைசினில் நனைத்ததன் பலன் அதுதான். ஜென்டாமைசினை எதிர்க்கும் சால்மோனெல்லா அங்கே தலைதூக்கியது. அந்தக் கிருமி குழந்தைக்கு வந்தால் கைவசம் இருக்கும் மருந்துகளில் ஒன்று குறைந்துவிடும்.

■ பெட்டிச் செய்தி: பால் குடிக்கும் பாம்பு

ஆடி மாதத்தில் புற்றுக்கு ஊற்றும் பாலைப் பாம்பு தேடி வந்து குடிப்பதில்லை. நாக பஞ்சமியன்று பாம்பாட்டியின் கூடையில் இருக்கும் நாகம் குடிக்கிறதே என்றால், அதற்குப் பல நாட்கள் தண்ணீர் காட்டாமல் வைத்திருப்பார்கள். தாகத்தில் எது கிடைத்தாலும் குடிக்கும். பால் அதற்குச் செரிக்காது; நுரையீரலுக்குள் போனால் அழற்சி. விஷப்பல்லைக் குறடால் பிடுங்கிய காயமும் சில நேரம் வாயைத் தைத்த நூலும் சேர்ந்து வாய் முழுக்கச் சீழ் பிடித்த நாகங்களைத்தான் மீட்புக் குழுக்கள் ஆண்டுதோறும் எடுக்கின்றன. கூடையில் வாய் அழுகும் நாகத்துக்கும் டப்பாவில் வாய் அழுகும் மலைப்பாம்புக்கும் நோய் ஒன்றே, பாக்டீரியாக்களும் ஏறக்குறைய அவையே.

ஒளித்து வைத்தால் யார் பார்ப்பது?

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி குற்றம். இந்திய மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது; அதற்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. இதில் பேச இடமில்லை, பேசவும் கூடாது. வெளிநாட்டு இனங்களுக்கான விதி வேறு. 2022இல் திருத்தப்பட்ட சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாக 2024 பிப்ரவரியில் வந்த விதிகள், நான்காம் அட்டவணையில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. பந்து மலைப்பாம்பும் அதில் வரும். கைமாறினாலும், குட்டி பிறந்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும்.

நல்ல விதி. ஆனால் பெட்டிக்குள் ஒளிந்து வந்த பாம்பை வாங்கியவர் பதிவு செய்ய மாட்டார். பதிவு செய்யாதவர் மருத்துவரிடம் போக அஞ்சுவார். மருத்துவரும் சிக்கல் வருமோ என்று தயங்கலாம். அதிகாரிக்கு அஞ்சி ஒளிக்கப்பட்ட பாம்பு மருத்துவர் கண்ணிலும் படாமல் சாகிறது. அதன் சால்மோனெல்லா மட்டும் வீட்டில் தங்கிவிடுகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடும்போதும் பலர் பாம்பைப் பற்றி வாய் திறப்பதில்லை. கேட்காத மருத்துவருக்கு அது தோன்றவும் வழியில்லை. ‘வீட்டில் ஆமை, பல்லி, பாம்பு ஏதாவது வளர்க்கிறீர்களா?’ என்ற ஒரு கேள்வியைக் குழந்தை மருத்துவர்கள் வழக்கமாக்கிக்கொண்டால் பல நாள் தேடல் மிச்சமாகும்.

பாம்பு பார்க்கத் தெரிந்த மருத்துவர்களும் நமக்குக் குறைவு. கால்நடை மருத்துவப் படிப்பின் பெரும்பகுதி மாடு, ஆடு, கோழி, நாய். அது நியாயமே, இந்த நாட்டின் தேவை அது. ஆனாலும் 1903 முதல் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியும், வண்டலூர் உயிரியல் பூங்காவும், 1970களில் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய கிண்டி பாம்புப் பண்ணையும் வடநெம்மேலி முதலைப் பண்ணையும் இருக்கும் மாநிலம் இது. பாம்பைக் கையாளும் அறிவில் நாட்டுக்கே வழிகாட்டிய இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இங்கேதான் இயங்குகிறது. அதன் உறுப்பினர்கள் இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. மாநிலத்துக்கு ஓர் ஊர்வன நோய்க் கண்டறியும் ஆய்வகமும், பதிவுக் கேள்வி கேட்காமல் எச்சம் பரிசோதித்துத் தரும் ஒரு சாளரமும் அமைக்க இங்கே ஆளும் அறிவும் இருக்கின்றன. விமான நிலையத்தில் பிடிபடும் பாம்புகளை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பும் வரை பார்த்துக்கொள்ளவும் அதே ஆய்வகம் தேவைப்படும்.

■ பெட்டிச் செய்தி: தாமதிக்காமல் மருத்துவரிடம்

இரண்டாவது முறை கக்கினால். எச்சத்தில் ரத்தமோ சளியோ இருந்தால். நடு உடலில் வீக்கம் தெரிந்தால். வாயோரம் நுரையோ மஞ்சள் படலமோ கண்டால். வயிற்றுச் செதில் சிவந்தால். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ, மல்லாத்தினால் திரும்பிக் கவிழ முடியாமல் போனாலோ.

கூடவே எடுத்துப் போக வேண்டியவை: சுத்தமான டப்பியில் அன்றைய எச்சம், கக்கிய இரை, டப்பாவின் இரு முனை வெப்பநிலைக் குறிப்பு, கடைசியாக இரை கொடுத்த நாட்கள்.

ஒரே அறையில் பல பாம்புகளை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்று செத்தால் மண்ணில் புதைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்காதீர்கள். உடலை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, பனிப்பெட்டியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வையுங்கள். ஃப்ரீஸரில் வைத்தால் திசுக்கள் உடைந்து நுண்ணோக்கியில் எதுவும் தெரியாமல் போகும். உணவு வைக்கும் ஃப்ரிட்ஜிலும் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறைக்குக் கொண்டுபோனால், இரைப்பைச் சுவர் தடித்திருக்கிறதா, குடலில் அமீபா இருக்கிறதா, கல்லீரலில் எந்த பாக்டீரியா வளர்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியும். அடுத்த டப்பாக்களில் இருக்கும் பாம்புகளுக்கு என்ன செய்வது என்பது அந்த அறிக்கை வந்த பிறகே தெரியும்.